பல்லி விழுந்த காரணம்

இன்று காலை அவிநாசி போகும் வழியில், கருமத்தம்பட்டியைத் தாண்டும்போது, பஸ் ஜன்னல் வழியாகக் கஞ்சி போட்ட நூலின் வாசம் வந்தது. லேசான தூறல். பஞ்சும் மாவுக் கஞ்சியும் கலந்த அந்தப் புளித்த வாசம் உன் துப்பட்டாவில் எப்போதும் இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், திரும்பிப் பார்க்காமலே நீதான் என்று எனக்குத் தெரியும். கண்ணில் தூசி விழுந்துவிட்டதா என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவைத்தேன்.

பல்லியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறோம் என்றதும் சிரிக்காதவர்கள் குறைவு. உனக்கு அதில் வெட்கமே இல்லை. உங்கள் தறிக்கூடம் முழுக்கப் பல்லிகள். அவற்றைப் பார்த்தே வளர்ந்தவள் நீ. வறண்ட காற்று அடித்தால் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் உள்ளே காற்றில் ஈரம் தூவும் மிஷினை ஓடவிடுவார்கள். அது ஓடும் நாட்களில் மட்டும் பல்லிகள் கூரையில் இவ்வளவு தைரியமாகத் திரிகின்றனவே, ஏன் என்று ஒருநாள் கேட்டாய். நம் ஆராய்ச்சி அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

பல்லியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, இடுப்பில் மெல்லிய நூல் வளையம் மாட்டி, தராசுக் கொக்கியால் மெதுவாக இழுத்து, எந்த இழுவைக்குக் கால் விடுகிறது என்று பார்ப்போம். அறையின் சூட்டை மாற்றுவோம், ஈரத்தை மாற்றுவோம், உங்கள் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியைக் கொண்டுவந்து தூவுவோம். தூசி பட்ட கால், கொஞ்ச தூரம் நடந்தால் தானே சுத்தமாகி மறுபடி பிடித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் கூடினால் விரலடியில் இருக்கும் பொடி மயிர்கள் இளகி, பிடி இன்னும் இறுகும். ஆனால் கண்ணாடியில் தண்ணீரே நின்றுவிட்டால் எப்பேர்ப்பட்ட பல்லியும் வழுக்கிவிடும். "ஈரம் வேணும் புள்ள, நனைஞ்சரக் கூடாது, அவ்வளவுதான்" என்பாய். சாயங்காலம் ஒவ்வொன்றையும் பிடித்த சுவரிலேயே கொண்டுபோய் விடாமல் நீ கிளம்ப மாட்டாய். பஸ்ஸை விட்டுவிட்டு நான் உன்னைத் திட்டிக்கொண்டே நிற்பேன்.

அந்தச் சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். நூல் ஓயாமல் அறுந்ததால் ஈர மிஷினை அளவுக்கு மீறித் திறந்திருந்தார்கள். சுவரில் தண்ணீர் வழிந்தது. மேலிருந்து ஒரு பல்லி சொத்தென்று உன் உச்சந்தலையில் விழுந்தது. நீ அதைக் கையில் எடுத்து, திருப்பி, கால் விரல்களைப் பார்த்தாய். உன் அம்மா தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். உச்சந்தலையில் விழுந்தால் உயிருக்கு ஆகாது என்பது அவர் நம்பிக்கை. உன்னைத் தலைக்குக் குளிக்கவைத்து, விளக்கேற்றி, காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டு வந்தால்தான் தோஷம் கழியும் என்று அழுதார். நம் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கல்லூரியில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நீ அவரைச் சமாதானப்படுத்தினாய். ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கட்டுரை பாதியில் நிற்கிறது. பாதியில் விட்டுப்போன உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அதற்குப் பிறகு உன் அம்மா தறிக்கூடத்துக்குள் காலே வைக்கவில்லை. நான் எப்போது போனாலும் ஒரே பேச்சுதான்: அன்றைக்கே கூட்டிப் போயிருந்தால் பிள்ளை இருந்திருப்பாள். சோறு இறங்காமல் ஆளே பாதியாகிவிட்டார். அவரை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. உன் வருஷ காரியம் முடிந்த மறுநாள், கண்ணாடித் தகட்டையும் ஒரு பல்லியையும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். காய்ந்த கண்ணாடியில் பல்லி நின்றது. தண்ணீர் தெளித்தேன், வழுக்கி என் உள்ளங்கையில் விழுந்தது. பார்த்தீர்களாம்மா, அன்றைக்குச் சுவர் நனைந்திருந்தது, அதனால் விழுந்தது, காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். நன்றாக விளக்கிவிட்டதாக எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

அவர் கண்ணாடியில் நின்ற தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அன்னிக்கு அந்தத் தண்ணியத் தொறந்து உட்டது நாந்தான் கண்ணு," என்றார்.

தண்ணீரும் காய்ச்சலும் வேறு வேறு என்று மறுபடி மறுபடி சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. அதுவரை எங்கிருந்தோ வந்த கெட்ட சகுனமாக இருந்ததை, அவர் கையாலேயே செய்த காரியமாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

போன மாதம் அவரைக் காஞ்சிபுரம் கூட்டிப் போனேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, உனக்கும் இருந்ததில்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். ரயில் ஈரோட்டைத் தாண்டியதும் அவர், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது பல்லி முட்டைகளைத் தீப்பெட்டியில் வைத்துத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியதைச் சொன்னார். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். கோயிலில் கூட்டம். வரிசை நகர்ந்து, படியேறி, மேலே பதித்திருந்த பல்லிக்குக் கீழே வந்து நின்றோம். அங்கே அவர் உடைந்துபோவார், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் தயாராக நின்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தூக்கி, அதன்மேல் வைத்தார்.

"அவளுக்கு இனி எதுக்கு கண்ணு. நீயுந்தான் அதுகளோட பொழங்கிட்டிருக்கறே. நல்லாத் தொட்டுக்க," என்றார்.

தொட்டேன். என் கைமேல் இருந்த தன் கையை அவர் எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். தன் கையால் அவர் அதைத் தொட்டாரா என்றுகூட எனக்கு நினைவில்லை.

இப்போது தினமும் காலையில் எனக்குப் போன் செய்கிறார். சாப்பிட்டாயா, இருமல் கேட்கிறதே, டாக்டரிடம் காட்டினாயா என்று விசாரிக்கிறார். ஒருநாள் நான் எடுக்கத் தாமதமானால் என் வீட்டு ஓனர் அம்மாவைக் கூப்பிட்டுவிடுகிறார். உனக்காகப் பட வேண்டிய கவலையெல்லாம் இப்போது என்னிடம் வருகிறது. வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்கிறேன்.