புயலுக்கு முன் ஆக்னெஸ் உன்னிடம் பேசியது

இன்று காலை குளியலறை அலமாரியைத் துடைக்கும்போது பின்வரிசையிலிருந்து அந்தப் பச்சைப் போத்தல் அகப்பட்டது. ஆக்னெஸ் வருடா வருடம் உனக்கு அனுப்பும் பே ரம் என்ற தைலம். தங்கள் தீவு மலையில் வளரும் ஓர் இலையைச் சாராயத்தில் ஊறவைத்துச் செய்வார்களாம், மூட்டுவலிக்குத் தேய்ப்பது. மூடியைத் திறந்ததும் கிராம்பு போன்ற அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. கடைசி மாதங்களில் உன் கால்களுக்கு நான் தேய்த்துவிட்டது இதுதான். ஒனிஹங்காவில் உன் வீட்டை ஒழித்தபோது உன் உடுப்புகளையும் பாத்திரங்களையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இந்தப் போத்தல் மட்டும் எப்படியோ பக்குரங்காவில் என் வீட்டுக்கு என்னோடு வந்துவிட்டது.

குளியல் தொட்டியின் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. நீ போன பிறகு நடந்தது. இன்று எழுதிவிடுகிறேன்.

நாம் மூவரும் பத்தொன்பது வயதில் இங்கிலாந்தில் ஒரே தாதியர் விடுதியில் சேர்ந்தவர்கள். நீ ஈப்போவிலிருந்து, நான் யாழ்ப்பாணத்திலிருந்து, ஆக்னெஸ் கரீபியன் கடலில் டொமினிக்கா என்ற சின்னத் தீவிலிருந்து. மூவர் என்று எழுதுகிறேனே தவிர, உண்மையில் நீங்கள் இருவர். நான் பக்கத்தில் நின்றவள். நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று எனக்கு அநேகமாகக் கடைசியில்தான் விளங்கும். பிறகு ஆக்னெஸ் தன் தீவுக்கே திரும்பினாள். நீயும் நானும் ஒருவர் பின் ஒருவராக ஒக்லாந்துக்கு வந்தோம். நாற்பது வருடமாக ஞாயிறு காலை அவள் போனில் உன்னோடு பேசுவாள். முடிவில் நீ, "இவளும் இங்கதான் இருக்கா, ஒரு வார்த்தை பேசு" என்று போனை என்னிடம் நீட்டுவாய். அவளும் ஒரு வார்த்தைதான் பேசுவாள்.

ஓய்வு பெற்ற வருடம் நாம் அவளைப் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று விமானம் மாறி, மலைச்சரிவில் இருந்த அவள் வீட்டுக்கு. அவள் கணவர் லெனார்ட் அப்போது நன்றாக இருந்தார். தன் பழைய வண்டியில் நம்மை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார். வீட்டுக்குக் கீழே ஆறு. நீங்கள் இருவரும் அறுபது வயதில், போட்டிருந்த உடுப்போடு அதில் இறங்கிவிட்டீர்கள். நான் கரையில் துவாய்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏன்டி நிக்கிற, இறங்கு லா," என்று உன் ஈப்போப் பேச்சில் நீ கத்தினாய். தண்ணீர் குளிர் என்றேன். குளிர் இல்லை. நீங்கள் இருவரும் இருந்த இடத்தில் எனக்கு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. இதையும் நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

உன் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது, ஆக்னெஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவகிட்ட சொல்லாதே," என்றாய். "லெனார்டு ஒரு பக்கம் வாதம் அடிச்சு விழுந்து கிடக்கான். அவளுக்கு அதுவே போதும். நான் தெம்பா இருக்கற அன்னைக்கு நானே பேசிக்கிறேன்." நான் ஓம் என்றேன். என் யாழ்ப்பாணத்து "ஓம்" என்ற சொல்லை வழக்கம்போலத் திருப்பிச் சொல்லிச் சிரித்தாய். தெம்பான அந்த நாள் வரவில்லை. ஹாஸ்பிஸில் ஜன்னலோரக் கட்டிலில், நல்ல மழை பெய்த ஒரு மத்தியானம், என் கை உன் கையில் இருக்கும்போதே போய்விட்டாய்.

அடுத்த ஞாயிறு காலை உன் போன் என் சமையலறை மேசையில் அடித்தது. சொல்லத்தான் எடுத்தேன்.

"எங்கே அவள்?" என்றாள் ஆக்னெஸ். அவள் தீவு ஆங்கிலத்தை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"தொண்டை சரியில்லை. பேச வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்."

எப்படி அந்தப் பொய் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் கவலைப்பட்டாள். பிறகு லெனார்டுக்கு முதுகில் படுக்கைப் புண் வருவதைச் சொன்னாள். எப்படித் துடைக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும் என்று நான் சொன்னேன். அரை மணி நேரம் கதைத்தோம். நாற்பது வருடத்தில் அவள் என்னோடு அரை மணி நேரம் கதைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு நீ தூங்குகிறாய் என்றேன். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி தொண்டை. இப்படியே பதினொரு ஞாயிறு. லெனார்டின் நிலைமைக்காக மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நீ இல்லை என்று சொன்னால் அவள் எதற்காக அந்த எண்ணுக்குப் பேசப்போகிறாள்? உன்னையும் இழந்து, அந்த ஞாயிறுகளையும் இழக்க எனக்குப் பயமாக இருந்தது. பாட்டனி டவுன்ஸிலிருந்து வரும் என் மகள் ஒரு நாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஜஸ்ட் டெல் ஹெர், அம்மா. திஸ் இஸ் நாட் ஃபேர்," என்றாள். "வாற கிழமை சொல்லுறன்," என்றேன்.

வந்த கிழமை புயல் வந்தது.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு பெரிய புயல் அவர்களுக்கு வடக்காக விலகிப் போயிருந்தது. அதனால் திங்கட்கிழமை செய்தியில் இன்னொன்று என்று கேட்டபோது அவ்வளவாகப் பயப்படவில்லை. செவ்வாய் காலை எழுந்து பார்த்தால், கம்ப்யூட்டர் வரைபடத்தில் அது மிகக் கடுமையான புயலாகி, நேராக அவர்கள் தீவை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்குக் காலை எட்டு மணி. அங்கே திங்கள் பின்னேரம் நாலு மணி. உன் போனில் நான்கு தடவை முயன்ற பிறகு ஆக்னெஸ் எடுத்தாள். பின்னால் காற்று இரைவது எனக்கே கேட்டது.

"பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாயா?" என்று கேட்டேன். ஊரார் ஒதுங்குமிடம் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் என்று முன்பு சொல்லியிருந்தாள்.

"லெனார்டை எப்படிக் கொண்டுபோவது? பாதையில் இப்போதே தண்ணீர். ஒரு வண்டியும் வராது. நான் இங்கேதான் இருப்பேன்."

"குளியலறைச் சுவர் கொங்கிரீட்டா?"

"ஓம். மேலேயும் கொங்கிரீட்தான். மற்ற இடமெல்லாம் தகரம்."

"இப்போதே அவரைப் பெட்ஷீட்டில் கிடத்தி, தலைப்பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு போ. தூக்காதே, இழு. வோர்டில் செய்தோமே, அப்படி. மெத்தையைக் கதவுக்கு முட்டுக் கொடு. தண்ணீரும் மருந்தும் உள்ளே எடுத்து வை."

அவள் மூச்சிரைக்க, "சரி, சரி," என்றாள். பிறகு, "அவளைக் கூப்பிடு," என்றாள்.

நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

"தூங்கினால் எழுப்பு. அவள் கதைக்க வேண்டாம். போனை அவள் காதில் வை, நான் சொல்வதைக் கேட்டால் போதும்."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என்னுடைய இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. "பொறு," என்றேன். போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். பத்து வரைக்கும் எண்ணியிருப்பேன். பிறகு என் காதில் வைத்தேன்.

உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நாம் பயிற்சியில் இருந்தபோது அவள் வைத்த அந்தச் செல்லப் பெயர். அவள் அன்று சொன்னவை உனக்கு உரியவை. கேட்டது நான் என்பதால் அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"எனக்குப் பயமாக இருக்கிறது. லெனார்டிடம் காட்டிக்கொள்ளாமல் நடக்கிறேன். அப்பா செத்துப்போய்விட்டார் என்று விடுதிக்குத் தந்தி வந்ததே, ஊருக்குப் போக வழியில்லாமல் கட்டிலில் கிடந்தேனே, அன்று பகல் முழுக்க நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாய். இப்போதும் அப்படி இரு. எனக்கு வேறொன்றும் வேண்டாம். உன் பாஷையில் எனக்காகக் கும்பிடு. அங்கே இருக்கிறாயா? ஒரு தரம் மூச்சு விடு, எனக்குக் கேட்கட்டும்."

நான் மூச்சு விட்டேன்.

"நல்லது," என்றாள் ஆக்னெஸ். லெனார்ட் ஏதோ குழறுவது கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டது.

அவளுடைய அப்பா செத்த தந்தி வந்த நாளில் நானும் அந்த அறையில்தான் இருந்தேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியைக் குத்திக்கொண்டு போனவள் நான். நீ லீவு சொல்லிவிட்டு இருந்துவிட்டாய்.

மத்தியானம் ஒரு மணிக்கு வரைபடத்தில் அந்தச் சுழல் தீவை முழுவதும் மூடிவிட்டது. இங்கே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையில் கைகூப்பி உட்கார்ந்து எனக்குத் தெரிந்த தேவாரத்தை எல்லாம் சொன்னேன். நீ வேதக்காரி, தேவாலயத்துக்குப் போகிறவள், உனக்குத் தெரிந்த செபங்கள் எனக்கு வராது. அவள் உன் செபத்தைத்தானே கேட்டாள் என்று நினைத்து நடுவில் நிறுத்திவிட்டேன். பிறகு மறுபடியும் தொடர்ந்தேன்.

அதன்பின் அந்தத் தீவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. படங்கள் மட்டும் வந்தன. நாம் பார்த்த அந்தப் பச்சை மலைகளில் ஓர் இலை இல்லை. நெருப்பு வைத்ததுபோல் பழுப்பாக நின்றன. ஆட்களைத் தேடுகிறவர்கள் பெயர் எழுதும் பக்கமொன்றை மகள் ஃபேஸ்புக்கில் காட்டினாள். ஆக்னெஸ், லெனார்ட், ஆற்றுக்கு மேலே மலைச்சரிவு வீடு என்று எழுதினேன். நாளுக்கு இருபது தடவை பார்த்தேன். அந்தப் பெயர்களுக்குக் கீழே ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

பத்தாம் நாள் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து உன் போனுக்கு அழைப்பு வந்தது. உதவிக்கு வந்தவர்களின் சாட்டிலைட் போன். ஆளுக்கு இரண்டு நிமிடமாம்.

"கூரை போய்விட்டது," என்றாள் ஆக்னெஸ். குரல் கட்டியிருந்தது. "குளியலறை நின்றது. இருவரும் அதற்குள் இருந்தோம். லெனார்ட் நேற்று முன்தினம் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மருந்து நனைந்துவிட்டது, ரோட்டும் இல்லை. அயலவர்கள் சேர்ந்து புதைத்தார்கள். அவளிடம் சொல்லிவிடு."

"சொல்கிறேன்," என்றேன்.

அன்றும் எனக்குச் சொல்ல முடியவில்லை.

நவம்பர் கடைசியில் அவர்களுக்கு லைன் திரும்பியது. ஞாயிறு வரைக்கும் காத்திராமல் உன் போனிலிருந்து நானே கூப்பிட்டேன். முன்னுரை ஒன்றும் போடவில்லை. நீ ஜூனிலேயே போய்விட்டாய் என்றேன்.

"அன்றைக்கு மூச்சு விட்டது யார்?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"என் புருஷனைப் புதைத்துவிட்டு அவளுக்குச் சொல்லச் சொன்னேன். சொல்கிறேன் என்றாய்."

"ஓம், ஆக்னெஸ்."

"அவளுக்காக இத்தனை மாதம் சுகம் கேட்டு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன். நீ கேட்டுக்கொண்டு இருந்தாய்."

போனை வைத்துவிட்டாள். கிறிஸ்மஸுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. புது வருடத்துக்கும் இல்லை. ஞாயிறுகளில் உன் போனைச் சார்ஜ் போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேண்டியதுதான் என்று தோன்றும்.

மார்ச்சில் ஒரு நாள் போன் அடித்தது. உன் போன் இல்லை, என்னுடையது. என் எண்ணை யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"அவள் எப்படிப் போனாள் என்று சொல்," என்றாள். "ஒன்றும் விடாமல்."

சொன்னேன். கட்டி, ஹாஸ்பிஸ், ஜன்னல், மழை, எல்லாம். தாதி தாதியிடம் சொல்வதுபோலத் தொடங்கினேன், நடுவில் அழுதுவிட்டேன். நீ போன பிறகு யாரிடமும் அதை முழுவதும் சொன்னதில்லை. அவளும் அழுதாள். பிறகு அவள் முறை. கூரை பிய்ந்த அந்த நேரம், கதவு மெத்தையோடு அதிர்ந்துகொண்டிருக்க, லெனார்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பயப்படாதே," என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் விடியும்வரை இருந்தாளாம்.

"இப்போது அதை வைத்து நான் என்ன செய்வது?" என்று கேட்டாள். "உனக்கு நன்றி சொல்லவும் வரவில்லை, மன்னிக்கவும் வரவில்லை."

சும்மா இருந்தேன். பிறகு அவள், "பெட்ஷீட்டில் இழுக்கச் சொன்னது நீதான். அதை மறக்கவில்லை," என்றாள்.

அதன் பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தரம் பேசுகிறாள். கூரைத் தகரம் இன்னும் வரவில்லை, தார்ப்பாய்தான். மலையில் மரங்கள் துளிர்த்துவிட்டன, ஆனால் கிளிகள் குறைவு என்கிறாள். சில நாள் உன் பெயரை எடுத்ததும் அவள் குரல் எனக்கு எதிராக இறுகிவிடும். அப்போது நான் விளக்கம் சொல்வதில்லை. அது தளரும்வரை காத்திருப்பேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் இதுவரை சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

நீ போனதால் எனக்குக் கிடைத்த சிநேகிதம் இது. இதை வைத்துக்கொள்ளவும் கூச்சமாக இருக்கிறது, விடவும் மனம் வரவில்லை. உன்னிடம் கேட்டிருந்தால், "ரொம்ப யோசிக்காதே லா," என்றிருப்பாய். எனக்கு யோசிக்காமல் இருக்க வரவில்லை. ஒன்று மட்டும் செய்கிறேன். இப்போது ஆக்னெஸ் கதைக்கும்போது நான் நானாகவே இருந்து கேட்கிறேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போவதில்லை.