வளைவின் உச்சியில் குமுதா

ஆவணி 12, வெள்ளி

தெருப் பிள்ளையார் கோயில் வாசலுக்கு என் மக குமுதா நினைவா இரும்பு வளைவு செஞ்சு தரேன். இன்னிக்குத் தகடு வெட்டுற கடையில அதோட டிசைனைக் கம்ப்யூட்டர்ல காட்டினாங்க. புடவைக் கரை மாதிரி ஒரே பக்கம் பார்த்த அன்னம் வரிசையா நிக்குது. உச்சியில அவ பேரு.

கூட வந்த கொழுந்தனாருக்குப் பொறுக்கல. "கல்யாணம் ஆகாம செத்த பொண்ணு பேரு உச்சியிலயா? அங்க எங்கப்பா பேரைப் போடும்மா. இவ பேரு ஓரமா இருக்கட்டும்"னாரு.

டிசைன் போடுற பொண்ணு குமுதா பேரை ஓரத்துக்கு இழுத்தா. எழுத்து சாஞ்சு சாஞ்சு, கடைசியில படுத்துக்கிச்சு.

"ஏம்மா படுக்குது?"

"கோடு வளையுற மாதிரிதான்க்கா எழுத்தும் சாயும். உச்சியில மட்டும்தான் நேரா நிக்கும்."

எட்டு மாசம் ஆஸ்பத்திரியில படுத்தே கிடந்தா என் பொண்ணு.

"அவ படுத்தது போதும். மேல ஏத்து"ன்னேன்.

"அண்ணி, ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்பா."

பேரு ஏற ஏற நிமிர்ந்துக்கினே வந்துச்சு. ரெண்டு பக்கத்து அன்னத்தையும் அவளைப் பார்க்கத் திருப்பச் சொன்னேன். திங்கக்கிழமை வெட்டுறாங்க. அவ பேருக்குக் கீழ நுழையப் பிடிக்கலன்னா கொழுந்தனார் ரோட்டுலயே நின்னு கும்புட்டுக்கினு போகட்டும்.