நாலாம் மாடியில் எட்டு வாரம்

1986

மே 26, திங்கள்

காலையிலிருந்து மழை. மார்க்கெட் குப்பைத்தொட்டிகள் பற்றி ஒரு சுற்றறிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மீன் கடைகளுக்கான விதிகள் பாதியில் நிற்கின்றன. வீட்டுக்கு வந்தால் மேரி கதவைத் திறந்துவைத்துக் கொண்டு கடிதத்தோடு நிற்கிறாள். அவளுடைய கம்ப்யூட்டர் படிப்பில் இது கடைசிக் கட்டம். ஏதாவது ஓர் அலுவலகத்தில் எட்டு வாரம் அட்டாச்மெண்ட், அதாவது வேலைப் பயிற்சி, செய்ய வேண்டும். சம்பளம் கிடையாது. இடம் கிடைத்துவிட்டது. எங்கள் மார்க்கெட் இலாகாவிலேயே, நாலாம் மாடியில், கம்ப்யூட்டர் பிரிவு.

"ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போகலாம்" என்றாள்.

நல்லது என்றேன். நல்லதுதானே?

ஜூன் 2, திங்கள்

தோ பாயோ வீட்டிலிருந்து ஒன்றாகப் போனோம். லிஃப்டில் நான் இரண்டாம் மாடியில் இறங்கினேன். அவள் மேலே போனாள். மத்தியானம் பார்த்தபோது கழுத்தில் படம் ஒட்டிய பாஸ் தொங்கியது. நாலாம் மாடிக் கதவு அந்தப் பாஸ் இருப்பவர்களுக்குத்தான். பதினோரு வருடமாக இந்த இலாகாவின் தமிழ் மொழிபெயர்ப்பாளன் நான். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு ஒரே காலையில் தெரிந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

சாப்பிடும்போது முழுக்க அவள்தான் பேசினாள். கடை உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் நாலு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் கொடுக்கப் போகிறார்களாம். போன் செய்து அதைச் சொன்னால் எழுத்தர் கம்ப்யூட்டரில் பார்த்து வேலையை முடித்துக் கொடுப்பார். வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் எண் வேறு ஒருவன் கையில் போனால் கடையே போன மாதிரி.

"மெஷினை யாரும் உடைக்க வேணாம், ஆளை ஏமாத்தினாப் போதும்னு மிஸ்டர் பாலகிருஷ்ணன் சொல்றாரு. அதனால ஜனங்களுக்குப் புரியிற மாதிரி எழுதணும். தமிழ் நோட்டீஸை என்னையே எழுதச் சொல்லிட்டாரு."

பாலகிருஷ்ணன் அந்தப் பிரிவின் தலைவர். என்னைவிட ஐந்து வயது சின்னவர். தமிழ் நோட்டீஸ். இந்த இலாகாவில் தமிழுக்கு என்று ஒருத்தன் இருக்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை.

மீன் குழம்பு நன்றாக இருந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. இதற்கும் கோபம் வருகிறது.

ஜூன் 11, புதன்

மேரி தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், அலுவலக நேரத்திலேயே. எழுதியதைக் கடை கடையாய் வாசித்துக் காட்டினாளாம். யாருக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாழையிலையும் வெற்றிலையும் விற்கிற பூவம்மா என்ற அம்மாள், "இது கடைச் சாவி மாதிரியா?" என்று கேட்டிருக்கிறார். உடனே மேரி முதல் வரியை அடித்துவிட்டுச் சாவி என்று எழுதிவிட்டாள். சொல்லும்போது அவள் முகம் அப்படி இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

பதினோரு வருடத்தில் நான் மொழிபெயர்த்த ஒரு தாளையாவது யாரிடமாவது வாசித்துக் காட்டியிருக்கிறேனா? என் வேலை அது இல்லை. இல்லைதானே?

ஜூன் 14, சனி

அரை நாள். லிஃப்டில் பாலகிருஷ்ணன். "மிஸ்டர் ஆம்ப்ரோஸ், உங்க மிஸ்ஸஸ் ரொம்ப ஷார்ப் லா. இத்தனை நாளா எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?" சிரித்தேன். தாடை வலித்தது.

ஜூன் 18, புதன்

அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்துவிட்டது. எந்தத் தமிழ்த் தாளும் அச்சுக்குப் போகும் முன் நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. எழுதியவர் பெயர் இல்லை. வேண்டியதில்லை. அவளுடைய 'ழ' எனக்குத் தெரியும்.

"இந்த நாலு எண்ணும் உங்கள் கடைச் சாவி மாதிரி. சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டீர்கள். இதையும் கொடுக்காதீர்கள். நீங்களாக எங்களுக்குப் போன் செய்யும்போது மட்டும் சொல்லுங்கள்."

ஒரு பிழை இல்லை. இரண்டு தடவை தேடினேன். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து முழுவதையும் அடித்துவிட்டு எழுதினேன்: "உரிமதாரர் தமக்கு வழங்கப்பெற்ற மறைவெண்ணைப் பிறர் அறியாவண்ணம் பேணிக்காத்தல் இன்றியமையாததாகும்."

கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் நன்றாகப் பசித்தது.

ஜூன் 19, வியாழன்

"நீங்களா மாத்தினீங்க?"

"கவர்மெண்ட் நோட்டீஸ்ல பேச்சுத் தமிழ் போட முடியாது."

"சாவிங்கிறது பேச்சுத் தமிழா?"

பேப்பரை விரித்துக்கொண்டேன். மேலே முறையிடுவாள் என்று காத்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று மேலே பிரித்துக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார்களாம். நான் மாற்றியதை அவளும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

அச்சாகி, எண்ணோடு சேர்த்துத் தபாலில் போய்விட்டது. ஒரு பிரதி எடுத்து வந்தேன். திரும்பப் படிக்க மனம் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கவுண்டரிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு அம்மாள் அழுகிறார், தமிழ் மட்டும்தான் பேசுகிறார், வந்து சொல்லுங்கள் என்று. போனேன். பூவம்மா.

போன வாரம் யாரோ போன் செய்து, அவருடைய எண்ணைச் சொல்லி, கடை வேண்டாம், திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள். காத்திருப்பவர்கள் பட்டியலில் அடுத்த ஆளுக்குக் கடை போய்விட்டது. இன்று காலை போனால் பூட்டை மாற்றியிருக்கிறார்கள்.

"எண்ணை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"தாளை எழுத்துக் கூட்டிப் படிச்சேன் தம்பி, ஒண்ணும் விளங்கல. பக்கத்துக் கடைக்காரர்கிட்ட தாளு, எண்ணு ரெண்டையும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒண்ணுமில்லக்கா, சும்மா பத்திரமா வைங்கன்னாரு."

"மார்க்கெட்ல ஒரு பொண்ணு வந்து சொல்லலையா?"

"சொல்லிச்சு. அது சாவின்னு சொல்லிச்சு. இந்தத் தாள்ல சாவி எங்கே இருக்கு? அதனால இது வேற ஏதோன்னு நினைச்சுட்டேன்."

இதைக் கவுண்டர் அதிகாரிக்கு நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சாவி பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

பட்டியலில் இருந்த அந்த அடுத்த ஆள், பக்கத்துக் கடைக்காரரின் மைத்துனன்.

ஜூலை 9, புதன்

மேலே விசாரணை. தமிழ்க் கடைக்காரர்களில் இன்னும் ஏழு பேர் எண்ணைப் பிறரிடம் காட்டியிருக்கிறார்கள். நோட்டீஸ் யார் எழுதியது என்று கேட்டிருக்கிறார்கள். அட்டாச்மெண்ட் மாணவி என்று பதில். அவளுடைய அட்டாச்மெண்ட் அறிக்கையில் அது ஏறப் போகிறது. தேர்ச்சி இல்லை என்றுகூட எழுதலாமாம்.

கேட்டபோது ஒரு நிமிடம் — ஒரே நிமிடம் — எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

லூர்து மாதா கோயிலில் பூசை. மனதில் இதை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்க நான் எழுந்து போகவில்லை. மேரி திரும்பிப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்: "நான்தான் மாத்தினேன்னு ஏன் மேல சொல்லல?"

"எனக்கு எட்டு வாரம்தான். உங்களுக்குப் பதினோரு வருஷம்."

அவ்வளவுதான் சொன்னா. பஸ் வந்துடுச்சு. ஏறிட்டோம். என்ன மனுஷன்டா நீ, ஆம்ப்ரோஸ்?

ஜூலை 14, திங்கள்

நாலாம் மாடிக்குப் போய் மணியை அழுத்தினேன். பாலகிருஷ்ணன் தன் அறைக்குக் கூட்டிப் போனார். என் சிவப்பு மையோடு இருந்த தாளை அவர் முன்னால் வைத்தேன். சிவப்புக் கோட்டுக்கு அடியிலிருந்த மேரியின் வரிகளை மெதுவாகப் படித்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு. ஏன் அடிச்சீங்க?"

இலக்கணம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"பொறாமை" என்றேன்.

அவர் தாளைத் தன் கோப்புக்குள் வைத்தார். "ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும்?"

"நடந்ததை."

வெளியே வரும்போது மேரியைப் பார்த்தேன். பெரிய பெட்டி மாதிரி ஒரு மெஷின் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. மேரியின் வரிகள் அப்படியே மறுபடி அச்சாகின்றன. எல்லோருக்கும் புது எண்.

ஜூலை 26, சனி

அவளுடைய கடைசி நாள். அறிக்கையைக் காட்டினாள். நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள். "மெஷின் தெரிந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், மக்களிடம் பேசத் தெரிந்தவர் இல்லாமல் இருந்தார்" என்று ஒரு வரி. மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் குத்தியது.

"மீன் குழம்பு நல்லாருக்கு" என்றேன். இன்றைக்குச் சாம்பார். அவள் சிரித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

பூவம்மாவுக்குக் கடை திரும்பக் கிடைத்தது. நானே போய்ச் சொன்னேன், சாவி என்று எழுதியது என் மனைவி, அதை மாற்றியது நான்தான் என்று. வெற்றிலையை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருபத்தஞ்சு நாள் எனக்கு வியாபாரம் இல்ல தம்பி."

கீழே விழுந்த ஒரு வெற்றிலையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"அடுத்த தடவை உங்க வீட்டுக்காரம்மாவை அனுப்புங்க. அவங்க பேசினா எனக்கு விளங்குது."

1987

ஜனவரி 5, திங்கள்

மேரி நாலாம் மாடியில் நிரந்தர வேலையில் சேர்ந்தாள். பொதுமக்கள் விளக்கப் பணி. பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பழைய ஊழியர்களும் வேறு பிரிவில் எட்டு வாரம் அட்டாச்மெண்ட் செய்யலாம் என்று சுற்றறிக்கை. விண்ணப்பத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, நாலாம் மாடி என்று நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் ஐந்து வரி எழுதியிருந்தேன்: துறையின் வளர்ச்சி, மொழியின் மேன்மை, இன்னும் என்னென்னவோ. மேரி வாங்கிப் படித்தாள். என் பேனாவையே எடுத்து நாலு வரியை அடித்தாள். மிச்சம் இருந்தது, 'ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதக் கற்றுக்கொள்ள.'

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி.

அடியில் மேற்பார்வையாளர் பெயர் என்று ஒரு கட்டம். அதில் மேரியின் முழுப்பெயரை, அற்புதமேரி ஆம்ப்ரோஸ் என்று, நானே எழுதினேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.