அக்கா கரைக்குப் போகாத மணல்

அன்பு மகன் ஜெபஸ்டினுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் சுகமாக இருக்கத் தினமும் மன்றாடுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். நான் முதல் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்து, கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினார்களே, அதிலிருந்து நம் கரை வளர்ந்துவிட்டது, வலை காயப்போடத் தாராளமாக இடம். ஆனால் கிழக்கே அக்கா பிரெசில்லா வாழ்க்கைப்பட்ட ஊரில் கடல் ஏறி, போன மாதம் அவள் அடுப்படிச் சுவர் விழுந்தது. கடல் கோபம் என்றார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. எஞ்சினுக்கு டீசல் வராவிட்டால் டேங்கிலிருந்து குழாயாகத் தொட்டுக்கொண்டே போய் அடைப்பைக் கண்டுபிடிப்பேன் அல்லவா, மணலையும் அப்படித்தான் பார்த்தேன். உடைந்த ஓடுகளைப் பொடியாக நொறுக்கி மஞ்சள் பெயிண்ட் அடித்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற நாளில் கல்லுக்கு மேற்கே கடலோரம் கொட்டினேன். ஒரு வாரம் கழித்துக் கல்லுக்கு மேற்குப் பக்கம் மஞ்சள் பொடி கை நிறைய அள்ளினேன், கிழக்குப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அக்கா கரைக்குப் போகவேண்டிய மணலை நான் கேட்டு வாங்கிய கல்தான் பிடித்து வைத்திருக்கிறது தம்பி.

ஞாயிறு பூசை முடிந்து மருமகன் ஒரு தாளோடு வந்தார், அவர்கள் ஊருக்கும் வளைவு வேண்டுமாம், என் கையெழுத்து இருந்தால் ஆபீசில் மதிப்பார்களாம். ஓட்டுத் துண்டுகளைக் காட்டி, அங்கே கல் விழுந்தால் அதற்கும் கிழக்கே கூத்தையா ஊர் போய்விடும் என்றேன். என்னோடு பத்து வருஷம் ஒரே வள்ளத்தில் வந்தவன் கூத்தையா. மருமகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொதல்ல ஒங்க மக வீடு நிக்கட்டும் மாமா" என்றார். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். கையெழுத்துப் போட்டேன். கீழே கூத்தையா ஊருக்கும் வழி செய்யவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியால் மனு நின்றுபோகும் என்று அவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் நீட்டினார். அதிலும் போட்டேன். நேற்று கூத்தையா வந்து, வீட்டுக்குப் புதுக்கூரை போடப்போவதாகச் சொன்னான். தலையாட்டி அனுப்பினேன்.

இங்கே சேரும் மணலை மோட்டார் வைத்து உறிஞ்சிக் குழாய் வழியாகக் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் விட முடியாதா? நீ வேலை பார்க்கும் துறைமுகத்தில் விசாரித்து எழுது, சீக்கிரம் எழுது. ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். அக்கா போனில் சந்தோஷமாகப் பேசுவாள், நீயும் அப்படியே பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா
சவேரியார்