சிவப்பு மையில் கீறிய பாதை

பெலின்சோனா, சுவிஸ்
12.05.1997

அன்பின் பத்மா,

நான் சுகம். நீயும் உன் தம்பி பகீரதனும் சுகமாயிருக்க வேண்டும். லொட்ஜ் அறையின் நாலு சுவரையும் பார்த்துக் கண் பூத்துவிட்டது, ஒரு மலைப் படமாவது அனுப்புங்கோ என்று கேட்டிருந்தாய். இதோ. உணவகத்தில் என்னோடு வேலை செய்பவர்களுடன் போன கிழமை மலையேறினேன். மேலே பழைய கல் ஊர்கள் இருக்கின்றன. பிழைப்பில்லாமல் சனம் கைவிட்டுப்போன வீடுகளைத் திருத்தி எடுத்திருக்கிறார்கள். கூரைகூடக் கல்தான். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சும்மா நடக்கிறார்கள். பஸ் இருக்கிறது, ஆனாலும் நடக்கிறார்கள்! விசரோ என்று நினைத்தேன். இப்போது எனக்கும் அந்த விசர் பிடித்துவிட்டது.

இத்துடன் வரைபடம் ஒன்றும் வைத்து அனுப்புகிறேன். நீ வந்ததும் நாம் நடக்கப்போகும் பாதையைச் சிவப்பு மையால் கீறியிருக்கிறேன். விசா கிடைக்கும்வரை பார்த்துக்கொண்டிரு.

உன் நாதன்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
09.06.1997

அன்புள்ள அத்தான்,

தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆமியும் பொலிஸும் லொட்ஜைச் சுற்றிவளைத்துச் சோதித்தார்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. தம்பியின் தலையணைக்கடியில் உங்கள் படமும் வரைபடமும் அகப்பட்டன. ஆம்பிளைகள் கூட்டமாக, முதுகில் பெரிய பை, கையில் தடி, பின்னால் மலை.

“எங்கே ட்ரெயினிங்?” என்று தமிழ் தெரிந்த அதிகாரி தம்பியிடம் கேட்டார்.

“சும்மா நடக்கிறவை ஐயா. பழைய கல் வீடுகள் பாக்கப் போறவை.”

“பஸ் இல்லையா?”

“இருக்கு ஐயா.”

எல்லாரும் சிரித்தார்கள். வரைபடத்தில் நீங்கள் சிவப்பு மையால் கீறியதைக் காட்டித்தான் தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள்.

படம் நான்தான் கேட்டேன். அதை நினைத்து அழுதுகொண்டிருக்கிறேன். ஆனால் வரைபடம் நான் கேட்கவில்லை, அத்தான்.

பத்மா

பெலின்சோனா
22.06.1997

அன்பின் பத்மா,

நான் கீறியது உல்லாசப் பயணிகளின் பாதை என்று முதலாளியிடம் கடிதம் வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். கொண்டுபோய்க் காட்டு. உன் விசா இந்த மாதமே வரலாம் என்கிறார்கள். வந்தவுடன் புறப்படு. நீ தனியே அங்கிருக்கக் கூடாது. தம்பியை இங்கிருந்து தேடுவோம். என்மேல் கோபம் என்றால் வந்து திட்டு.

உன் நாதன்

கொட்டாஞ்சேனை
03.08.1997

அத்தானுக்கு,

விசா வந்துவிட்டது.

முதலாளியின் கடிதத்தை வாசிக்காமலே திருப்பித் தந்தார்கள். அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லையாம். ஒரு முகாமில் இல்லையென்றால் அடுத்த முகாமுக்குப் போகிறேன். பஸ் இருக்கிறது. ஏறினால் ஒவ்வொரு தடையிலும் இறக்கி விசாரிக்கிறார்கள், அதனால் நடக்கிறேன்.

நான் வந்துவிட்டால் வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கேட்க இங்கே ஒருவரும் இல்லை. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பத்மாவதி