சாமான் வரிசையில் ஆகாயக் கப்பல்

உ
சிவமயம்

காரைக்குடி
ஆனி 20

அன்பு மகன் முருகப்பனுக்கு ஆத்தா எழுதுவது. கொப்புடையம்மன் புண்ணியத்தில் நானும் என்னிடமே வளர்ந்த உன் மகள் தீக்ஷாவும் சுகம், என் முழங்கால் மட்டும் அது பாட்டுக்கு அது. மெல்போர்னில் இப்போது குளிர் என்றாயே, நீயும் மருமகளும் காதை மூடிக்கொண்டு போங்கள்.

போனில் நீ சொன்னதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், கோபத்தில் பேசினால் எனக்கு வாய் தடித்துவிடும், அதனால் எழுதுகிறேன். தீக்ஷா கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் கண்டனூர் வீட்டில் சீர்ச் சாமானை ஊர் பார்க்கப் பரப்பும்போது அவள் ஒட்டிச் சேர்த்த ஆகாயக் கப்பலை வைக்க வேண்டாம், வெள்ளிக்கும் எவர்சில்வருக்கும் நடுவில் விளையாட்டுச் சாமானா என்று சனம் சிரிக்கும், சம்பந்தி உடையப்பன் வருத்தப்படுகிறார், அலமாரியில் வைத்துப் பூட்டுங்க ஆத்தா என்றாய். நான் பூட்ட மாட்டேன்.

விண்வெளிக்குப் போகிற அந்தக் கப்பல் பெட்டிக்குள் முந்நூறு பிளாஸ்டிக் துண்டாக வந்தது அப்பு. எட்டு மாதம் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கெல்லாம் ஊசியளவு ஓட்டை போட்டு வெளிச்சத்தைக் கொண்டுபோகிற முடி மாதிரி இழையைச் செருகி, பின்னால் நெருப்புக் கக்குகிற இடத்தில் கடுகளவு எல்.இ.டி வைத்து, வயரைப் பற்றவைத்து, பேட்டரியைப் பீடத்துக்குள் மறைத்தாள். ஒட்டுமுன் உள்பக்கம் கறுப்பு பெயிண்ட் அடிக்கணும் அப்பத்தா என்றாள். நான்தான் விடவில்லை, கல்யாணச் சாமானுக்குள்ள கறுப்பா, மஞ்சளை அடி என்று நின்றேன். பிள்ளை மஞ்சளையே அடித்தாள். சுவிட்சைப் போட்டால் ஜன்னலே தெரியவில்லை, பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் கசிந்து கப்பல் காமாலை பிடித்த மாதிரி நின்றது. இப்பத் திருப்தியா அப்பத்தா என்றாள். ஒட்டினதைப் பிளந்ததில் ஒரு இறக்கை முறிந்தது. அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கறுப்பை நானே வாங்கி வந்து இரண்டு பூச்சு பூசிக் கொடுத்தேன், இறக்கையை அவள் ஒட்டிவிட்டாள். இப்போது ஜன்னல் ஜன்னலாக எரிகிறது, உள்ளே ஆள் குடியிருக்கிற மாதிரி. அஞ்சாம் வகுப்போடு நின்ற நானே என் தப்பை ஒத்துக்கொண்டேன், படித்த உங்களுக்கு என்ன வந்தது? என் கல்யாணத்தில் வளவு முற்றம் நிறையச் சாமான் பரப்பினார்கள், அதில் ஒரு கரண்டிகூட நான் செய்ததில்லை. இவள் கையால் செய்தது என்று ஒன்று இருக்கிறது. உடையப்பன் நேற்று வந்தார், சரி ஆச்சி, ஓரமாகவாவது வைங்க என்றார். ஓரம் இல்லை, வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், நடுவில் என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை அந்தக் கப்பல் படத்தைத்தான் போனில் முகப்பாக வைத்திருக்கிறாராம், அது அவர் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

மருமகளை வெறும் வயிற்றில் வேலைக்குப் போக வேண்டாமென்று சொல். அம்மன் உங்கள் இரண்டு பேரையும் நோய் நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும். கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தியே வந்துவிடு. பேட்டரி ஆறு மணி நேரம் தாங்காது, சாமான் பார்க்க நாள் முழுக்க வருவார்கள், அதனால் ஒன்பது வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டு வா. இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் நீதான் வாங்கி வர வேண்டும். கொண்டுவந்தால் உன் மகள் கப்பல் நீ கொடுத்த கரண்டில் எரியும். கொண்டுவராவிட்டால் பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பட்டுச்சேலையோடு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், ஏன் என்று கேட்கிறவர்களுக்குக் காரணத்தையும் சொல்வேன்.

இப்படிக்கு
உன் ஆத்தா
சிகப்பி