ஈஸ்டர் வெடியும் ராஜையனும்

கருங்கல்
1922 ஏப்ரல் 20

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெபகனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் பசுவும் கன்றும் சுகம். பட்டணத்தில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் தம்பி ராஜையனைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. தம்பிக்கு வந்திருப்பது பேயுமல்ல, பைத்தியமுமல்ல, சண்டையில் குண்டுச் சத்தத்துக்குள் நெடுநாள் கிடந்தவர்களுக்கு வருகிற நோவு என்று அங்கே டாக்டரம்மா சொன்னதை ஞானையன் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நோவு என்றால் எங்கே நோகிறது என்று கேட்டார். பென்ஷன் கேட்டுப் போன ஆபீசிலும் இதையேதான் கேட்டார்கள். குமாஸ்தா ராஜையனின் இரண்டு கையையும் இரண்டு காலையும் பார்த்துவிட்டு, காயம் இல்லை என்று எழுதிக்கொண்டார். பெரியப்பாவுக்கு வேறு கோபமும் உண்டு, உனக்கு நான் எழுதவில்லை. கிறிஸ்மஸ் விடியற்காலை கோவில் முற்றத்தில் கதினா வெடி போட்டபோது ராஜையன் அவரை ஓடைக்குள் தள்ளி மேலே படுத்துக்கொண்டான். ஏழு வெடியும் தீரும்வரை எழும்ப விடவில்லை. காப்பாற்றினேன் என்றான். அவர் கட்டியிருந்தது புது வேட்டி. அடுத்த வாரமே, இவனைத் திருவனந்தபுரம் பைத்திய ஆஸ்பத்திரியில் சேர்க்க மனு எழுதிக்கொண்டு வந்தார். உன் அப்பா இல்லாததால் என் கையெழுத்து வேண்டும். ஈஸ்டருக்கும் இப்படி நடந்தால் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தூங்காத பிள்ளையோடு தூங்காமலிருந்து நானும் தளர்ந்துபோயிருந்தேன்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் தூக்கத்துக்கு மருந்து தந்து, இவனோடு சண்டைக்குப் போனவர்கள் யாராவது உண்டா, தேடுங்கள் என்றார். அப்படித்தான் தேங்காப்பட்டணம் பாவா கிடைத்தார். பஸ்ராவில் காயம்பட்டவர்களை இவனோடு சேர்ந்து சுமந்தவர், இப்போது நம் சந்தைக்குக் கருவாடு கொண்டுவருகிறார். முதல் நாள் வெளியே நின்றபடியே, "டே ராஜையா, நான் பாவா. படலைத் திறக்கப் போறேன், பேடிக்காதே" என்றார். திறந்தார். "இனி அடைக்கப் போறேன்" என்றார். இவருக்கும் அதே நோவோ என்று நினைத்தேன். அதேதான் என்று அவரே சொன்னார். "சொல்லிட்டு வாற சத்தம் ஒண்ணும் செய்யாது உம்மா, சொல்லாம வாறதுதான்" என்றார். அவர் வீட்டில் தேங்காய் உடைக்கும்முன் சொல்லிவிட்டுத்தான் உடைப்பார்களாம். அன்று முதல் நானும் உலக்கை எடுக்கும்முன் சொல்கிறேன். பக்கத்து வீட்டு விக்டோரியா வேலிக்கு அப்பாலிருந்து, "ஏட்டி நேசம்மா, தும்மப் போறதையும் சொல்லுவியா" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். ராஜையன் இப்போது இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறான்.

ஈஸ்டருக்கு முன்பே பாவா போய் வெடிக்காரர் சிலுவையிடம் பேசிவைத்தார். அன்று விடியற்காலை முற்றத்தில் ராஜையனோடு தாமும் நின்றார். சிலுவை ஒவ்வொரு தடவையும் தீ வைக்கும்முன், "டே ராஜையா, ஒண்ணு போடப் போறேன்" என்று கோவில் முழுவதும் கேட்கக் கூவினார். உள்ளே போதகர் ஐயர் ஜெபத்தை நிறுத்தி நிறுத்திச் செய்தார். நான்கு வெடி ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவதுக்குச் சிலுவை சொல்ல மறந்தார். ராஜையன் அப்படியே முழங்காலில் விழுந்தான், பாவாவும் விழுந்தார். ஐயர் முழங்கால்படியிடச் சொல்லிவிட்டார் போலும் என்று அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முழங்காலில் நின்றார்கள், அவர்களைப் பார்த்து முற்றம் முழுவதும் முழங்காலிட்டது. பெரியப்பாவும் முழங்காலில் நின்றார், கண்ணை மூடியிருந்தார். நான் மட்டும் மூடவில்லை. ராஜையனின் கையைப் பாவா பிடித்திருந்தார். மற்ற இரண்டு வெடிக்கும் சிலுவை மறக்காமல் கூவினார். எல்லோரும் எழும்பினபோது அவனும் எழும்பினான். பெரியப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு, இந்த வருஷம் பயல் பக்தியாக இருக்கிறான் என்றார். மறுநாள் அவரிடமிருந்து மனுவை வாங்கி என் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், கையெழுத்துப் போடவில்லை.

அந்த டாக்டரம்மாவிடம் தூக்க மருந்து எத்தனை மாதம் கொடுக்கலாம் என்று கேட்டு எழுது, மறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் பகலையும் தூக்கத்தையும் காப்பாராக. தம்பி நலமாயிருக்கிறான் என்று எழுதட்டுமா என்று இப்போதுதான் அவனிடம் கேட்டேன். "நலம்னு எழுதாதீங்கம்மா, இங்க இருக்கேன்னு எழுதுங்க" என்றான். எழுதிவிட்டேன்.

உன் அம்மா
நேசம்மாள்